மூணாம் ரூம் கணக்கு எங்கே? மூன்று கிளவுட் தளங்கள், ஒரு காசிமேட்டு மீன் கிடங்கு

காசிமேட்டில் ஒரு மீன் குளிர்கிடங்கு. ஆறு ரூம், ரூமுக்கு இரண்டு என்று 12 ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), ஒவ்வொன்றிலும் குளிரை அளக்கும் ஒரு டிஎஸ்18பி20 சென்சார். அளவுகள் இணையம் வழியே ஒரு கிளவுட் தளத்தில் போய்ச் சேரும். (மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே இந்த சென்சாரின் அரை டிகிரி துல்லியத்தை நம்ப முடியாது. அது வேறு தலைவலி.) கடல்காற்று சும்மா விடுமா? எட்டு மாதத்தில் மூன்று போர்டு உப்புப் பூத்துப் போய்விட்டது. புதுசு மாட்டியதும் முதலாளி கேட்டார்: “தம்பி, மூணாம் ரூமோட பழைய கணக்கு எங்கப்பா?”

எங்கும் போகவில்லை. செத்த போர்டின் பெயரில் பத்திரமாகக் கிடந்தது.

அன்றிலிருந்து கிளவுட் தளம் தேர்ந்தெடுக்கும்போது நான் கிராஃப் அழகைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கருவி வேறு, அது மாட்டியிருக்கும் இடம் வேறு என்று பிரித்து வைக்க வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அமேசானின் ஏடபிள்யூஎஸ் ஐஓடி கோரில் (இணையத்தில் இணைந்த கருவிகளுக்கான சேவை) இந்த இடத்தில்தான் நான் இடறினேன். ஒரு கருவிக்கு ஒருமுறை வைத்த பெயரை மாற்றவே முடியாது. நானோ ‘ரூம்3’ என்று வைத்தேன். அந்த போர்டை ஐந்தாம் ரூமுக்கு மாற்றிய பிறகும் அது ரூம்3தான். ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக இருக்கும் மேக் எண்ணைப் பெயராக்கி, இடத்தை குரூப்பில் வைத்திருக்க வேண்டும். குரூப்புக்குள் குரூப் போடலாம். ஆனால் அது கருவிகளை நிர்வகிக்கத்தான், வரும் அளவுகளோடு ரூம் பெயர் தானாக ஒட்டிக்கொண்டு வராது. கருவிகள் மெசேஜ் அனுப்பும் எம்க்யூடிடி முறையில், மெசேஜின் முகவரியான டாபிக்கில் ரூமைச் சேர்க்க வேண்டும், அல்லது எந்த போர்டு எந்த ரூமில் என்று தனியாக ஒரு அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். அளவுகளைச் சேமிப்பதும் ஐஓடி கோரின் வேலை இல்லை. ரூல் எழுதி, ஏடபிள்யூஎஸ்ஸின் சேமிப்புச் சேவைகளான டைனமோடிபிக்கோ எஸ்3க்கோ அனுப்பிவிட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் ஐஓடி ஹப்பிலும் கருவியின் ஐடியை மாற்ற முடியாது. ஆனால் டிவைஸ் ட்வினில் (ஒவ்வொரு கருவியைப் பற்றியும் ஹப் வைத்திருக்கும் குறிப்பேடு) ‘ரூம்: 3’ என்று டேக் போட்டால், அதை ஒவ்வொரு மெசேஜோடும் சேர்த்து அனுப்பச் சொல்லலாம். போர்டை இடம் மாற்றினால் டேக்கை மாற்றினால் போதும், போர்டில் உள்ள நிரலைத் தொட வேண்டாம். இலவசத் திட்டத்தில் நாளுக்கு 8,000 மெசேஜ். நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினால் 12 போர்டுக்கு 17,280 ஆகிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 3,456தான். ஐஸ் ரூமுக்கு அது தாராளம். ஒரு எச்சரிக்கை: இலவச ஹப்பை அப்படியே கட்டண ஹப்பாக மாற்ற முடியாது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

கட்டண விஷயத்தில் காசிமேட்டுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. பாதி ரூமை அணைத்துவிடுவார்கள். ஏடபிள்யூஎஸ் மெசேஜ் எண்ணிக்கைக்கும் இணைப்பு நேரத்துக்கும் காசு வாங்குவதால் பில் தானாக இறங்கும். அஷூரின் கட்டணத் திட்டத்தில் யூனிட்டுக்கு இவ்வளவு என்பதால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே தொகை.

மூன்றாவது, திங்ஸ்போர்டு. இதன் கம்யூனிட்டி பதிப்பு ஓபன் சோர்ஸ். ரூமை ‘அசெட்’ என்றும் போர்டை ‘டிவைஸ்’ என்றும் தனித்தனியாகப் பதிந்து இரண்டுக்கும் உறவு போடலாம். ரூல் செயினில் (வரும் அளவுகளை என்ன செய்வது என்று சொல்லும் விதிகளின் சங்கிலி) ‘சேஞ்ச் ஒரிஜினேட்டர்’ என்ற ஒரு கண்ணியைச் சேர்த்தால், அளவுகள் ரூமின் பெயரிலேயே சேரும். போர்டு செத்தாலும் மூணாம் ரூம் கணக்கு அறுபடாது. எனக்கு வேண்டியதே இதுதான். ஆனால் சர்வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அப்டேட், பேக்கப் எல்லாம் நம் தலையில்.

கூகுளை ஏன் சேர்க்கவில்லை என்றால், அதன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்ட் 16 அன்றே மூடிவிட்டார்கள். தளம் மாறும் நாள் வரலாம் என்றால் அஷூரில் ஒன்றைக் கவனியுங்கள்: ஐஓடி ஹப் எம்க்யூடிடி பேசும், ஆனால் டாபிக் பெயர்களை அதுதான் தீர்மானிக்கும். அதனால் தளம் மாறினால் போர்டின் நிரலில் டாபிக் பெயர்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

தனியாக வேலை செய்பவர், சர்வர் பக்கம் போக விருப்பமில்லை என்றால் அஷூரை எடுங்கள். ஆயிரக்கணக்கில் கருவிகள், கையில் நிரலாளர்கள் என்றால் ஏடபிள்யூஎஸ். நான் திங்ஸ்போர்டுக்கு மாறிவிட்டேன். ஞாயிறுதோறும் பேக்கப் எடுத்து ஹார்ட் டிஸ்க்கை வீட்டு மாடியில் வைக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்கு அப்புறம் நான் தரைத்தளத்தில் எதையும் நம்பி வைப்பதில்லை.