பழைய இழைப்பு மெஷினுக்கு பெல்ட் மாத்த ஆள் கூப்பிடுறதுக்கு முன்னால இத படிச்சிருங்க

மார்த்தாண்டம் பக்கம் சின்னதா மரப்பட்டறை வச்சிருக்கேன், நிலை கதவு ஜன்னல் தான் வேலை. பட்டறையில நிக்கிற இழைப்பு மெஷின் எனக்க அப்பா 1986ல வாங்குனது. வார்ப்பு பாடி, 3 எச்பி மோட்டார், ரெண்டு வி பெல்ட்டு. ஆனியாடி சாரல் தொடங்குன சமயம் ஸ்விட்ச் போட்டா கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுது, அயனி பலகைய கொஞ்சம் கனமா தள்ளுனா பெல்ட்டு வழுக்கி கட்டர் (பலகைய சீவுற பிளேடு உருளை) அப்படியே நின்னு போவும். பால்காய்ப்புக்கு தேதி குறிச்ச வீட்டுக்கு 7 கதவு குடுக்க வேண்டியது கெடக்கு, அந்த அவசரத்துல யாரோ நம்பர் தந்தாவன்னு ஒரு மெக்கானிக்க கூப்பிட்டேன். பேரு போடல, ஆளு நம்ம மாவட்டம் தான்.

வந்து பத்து நிமிஷம் பாத்துட்டு "மக்கா, புல்லி தேஞ்சு போச்சு, பேரிங்கும் போச்சு, எல்லாம் மாத்தணும்"ன்னாரு. புல்லின்னா பெல்ட்டு ஓடுற சக்கரம். நான் ஒரு மரணத்துக்கு போவ வேண்டியிருந்துது, சரி அண்ணே பாருங்கன்னு சொல்லிட்டு போயிட்டேன். சாயங்காலம் வந்தா மெஷின் ஓடுது, சத்தமும் இல்ல. 11,800 ரூபா கேட்டாரு, ஜிபேல போட்டேன், பில்லு கேட்டதுக்கு வெள்ள பேப்பர்ல மொத்தம் மட்டும் எழுதி தந்தாரு. பழைய சாமான் எங்கன்னு கேட்டப்ப அது எதுக்கு, ஆக்கர் (பழைய இரும்பு) தானேன்னு ஏற்கனவே வண்டியில ஏத்தியாச்சு.

ரெண்டு நாள் தான். மூணாவது நாள் கருகுன ரப்பர் வாசம், இழைச்ச பலகைய வெளிச்சத்துல சரிச்சு பாத்தா அலை அலையா வரி, அயனியில நார் பிச்சுக்கிட்டு வருது. போன் அடிச்சா "பெல்ட்டு மெழுகு தடவு, செரியாவும்"ன்னாரு. தடவுனேன், அதுல மரத்தூள் ஒட்டி கட்டி கட்டியா ஆனது தான் மிச்சம். அதுக்கு பொறவு போன எடுக்கல.

இத விட பெரிய விஷயம் ஒண்ணு. பெல்ட்டு மேல மூடுற கார்ட கழட்டுனவரு திருப்பி மாட்டவே இல்ல, மூலையில சாத்தி வச்சிருந்தாரு, நானும் கவனிக்கல. எங்கூட நிக்கிற பையன் சாரம் (கைலி) கெட்டிக்கிட்டு தூள் வார குனிஞ்சப்ப சாரத்துக்க நுனிய பெல்ட்டு பிடிச்சு இழுத்துட்டு. துணி கிழிஞ்சதால காலு தப்பிச்சுது. அவனுக்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன், இப்பவும் நெனச்சா நெஞ்சு அடிக்குது.

கோட்டாறு பக்கத்துல இருந்து வயசான ஒரு மேஸ்திரி வந்து பிரிச்சாரு. எங்க மோட்டார்ல இருந்தது 8 இஞ்ச் வார்ப்பு புல்லி, பி சைஸ் பெல்ட்டுக்குள்ளது, கட்டர்ல 3 இஞ்ச். மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுத்துனா கட்டர் 3840 சுத்தும். மொதல்ல வந்த மெக்கானிக் மாட்டிட்டு போனது 5 இஞ்ச் அலுமினிய புல்லி, அப்போ 2400 தான், பொறவு எப்படி வழுவழுன்னு இழைக்கும்? பெல்ட்டும் பி-58 இருந்த இடத்துல ஏ-53 (எழுத்து அகலத்துக்கு, நம்பர் இஞ்ச்ல நீளத்துக்கு). ஏ 13 மில்லி அகலம், பி 17 மில்லி. கட்டர் புல்லியில பெல்ட்டு உக்காருற பள்ளம், அதான் காடி, பழைய பி சைஸ் தானே, அதுல ஏ பெல்ட்டு அடியில போய் உக்காந்திருக்கு. வி பெல்ட்டு ரெண்டு பக்கச் சுவரையும் கவ்வி தான் இழுக்கணும், அடியில தட்டுனா வழுக்கத்தான் செய்யும். ரெண்டு பெல்ட்டும் வேற வேற கம்பெனி, ஒண்ணு விறைப்பா நிக்கி மத்தது தொங்குது. புல்லி ஓட்டையில கீ (புல்லிய தண்டோட சேத்து பிடிக்கிற சின்ன ஆப்பு) லூசா இருந்ததுக்கு தகரம் வெட்டி சொருகியிருக்காரு. "புது" பேரிங்குக்க பக்கவாட்டுல 2014ல நான் மாத்துனப்ப வச்ச பச்ச பெயின்ட் புள்ளி அப்படியே இருக்கு, மண்ணெண்ணெயில கழுவி கிரீஸ் வச்சு திருப்பி போட்டதுக்கு என்கிட்ட துட்டு.

மொதல்ல ரெண்டு பி பெல்ட்டு ஜோடியா வாங்கி போட்டு மோட்டார கொஞ்சம் பின்னால தள்ளியிருந்தாலே தீர்ந்திருக்கும்னு மேஸ்திரி சொன்னாரு. ரெண்டு புல்லிக்கும் நூல் பிடிச்சு நேர் பாத்து, நடுவுல கட்டைவிரல் வச்சு அமத்துனா 8 மில்லி போல தாழணும்னு (புல்லிக்கு புல்லி எங்களுக்கு 20 இஞ்ச்) காட்டி தந்தாரு. ரொம்ப முறுக்குனா பேரிங் சூடாவும்.

அதனால மெஷின தொடுறதுக்கு முன்னால பெல்ட்டு நம்பர், புல்லி அளவு எல்லாம் போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க, கழட்டுன சாமான் ஒண்ணு விடாம கையில வாங்குங்க, கார்ட மாட்டாம துட்டு குடுக்காதீங்க. பில்லுல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுத சொல்லுங்க. பிழைப்புக்காக சொந்தமா தொழில் பண்றவங்களும் நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் குடுக்கலாம், நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கேட்டாச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அந்த வெள்ள பேப்பரும் வச்சு எழுதிக்கிட்டு இருக்கேன்.

கதவு 9 நாள் லேட்டா தான் போச்சு. எனக்கு வேண்டியது அந்த பழைய புல்லி. 8 இஞ்ச், ரெட்டைக் காடி, உள் பக்கம் அப்பா பஞ்ச் வச்சு "86"ன்னு அடிச்சிருப்பாவ. மார்த்தாண்டம், குழித்துறை, தக்கலை பக்கம் ஆக்கர் கடையில யாராவது பாத்தா கீழ சொல்லுங்க, கேக்குற வெல குடுத்து எடுத்துக்கிடுதேன்.