லயனல் வென்ட்டின்ட போட்டோ புத்தகம்: போன்ல இல்ல, கையில வச்சுப் பாருங்கோ

லயனல் வென்ட் எண்டா எங்கட ஆக்கள் கனபேருக்கு கொழும்பு 7ல இருக்கிற அரங்குதான் ஞாபகம் வரும். பிள்ளையளின்ட நாட்டிய நிகழ்ச்சி, நாடகம் எண்டு போயிருப்பம், ஆனா அந்த மனுசன் எடுத்த படங்களை ஆறுதலா இருந்து பாத்த ஆக்கள் குறைவு. அவர் 1944ல செத்துப்போக, 1950ல லண்டன்ல அவற்ற படங்களைத் தொகுத்துப் போட்ட 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' புத்தகம் ஒரு கூட்டாளியிட்ட இருந்து கிடைச்சுது. ஐஞ்சுக்கு ஐஞ்சு குடுப்பன்.

தகப்பன் உச்ச நீதிமன்ற நீதிபதி, இவரும் லண்டன் போய் சட்டம் படிச்சு, அதோட பியானோவும் முறையாப் பழகிக்கொண்டு வந்தவர். கேமராவில மும்முரமா இறங்கினது 1930களிலதான். எனக்கெண்டா அந்தப் பியானோ படங்களுக்குள்ளயும் இருக்கு, தென்னை மரங்கள் வரிசையா நிக்கிற படத்தில எங்க இடைவெளி விடோணும், எங்க நெருக்கோணும் எண்டதை தாளம் தெரிஞ்ச ஒராளாலதான் அப்பிடிச் செய்ய ஏலும்.

மற்றது டார்க்ரூம் வேலை, அதாவது இருட்டறையில பிலிமைக் கழுவிப் படம் போடுறது. பாரிஸ்ல மேன் ரே எண்ட போட்டோக் கலைஞர் செய்துகொண்டிருந்த சோலரைசேஷன் எண்ட வித்தையை இவர் இஞ்ச செய்து பாத்திருக்கிறார். படம் டெவலப் ஆகிக்கொண்டிருக்கேக்க இடையில கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினா, சில இடத்தில கறுப்பு வெள்ளை மாறி விழும், உருவத்தின்ட ஓரத்தில பென்சிலால கீறின மாதிரி மெல்லிய கோடு ஒண்டு வரும். வித்தை வெளியில இருந்து வந்ததுதான், ஆனா அதுக்கு முன்னால நிண்டது எங்கட மீன்பிடிகாரர், கண்டி நடனக்காரர், வெறும் மேலோட வேலை செய்யிற சனம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் வெள்ளைக்காரருக்கு வித்த போஸ்ட்கார்ட் சிலோன் இதில இல்ல. ஆக்களை வேடிக்கைப் பொருளா நிப்பாட்டாம, தோலில வெயில் விழுற விதத்தை அப்பிடி ஆசையாப் பாத்து எடுத்திருக்கிறார், எனக்கு நல்லாப் பிடிச்சது அதுதான்.

குறை சொல்லோணும் எண்டா, ரெண்டு மூண்டு படத்தை வெட்டி ஒட்டிச் செய்த மொண்டாஜ் சிலது மனசில ஒட்டேல்ல. அதுகளில வித்தைதான் முன்னுக்கு நிக்குது.

அவர் செத்தபிறகு நெகட்டிவ் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாங்கள், அதை நினைச்சா இண்டைக்கும் வயிறு எரியுது. மிஞ்சினது அவர் கையால போட்ட பிரிண்டுகளும் இந்த மாதிரிப் புத்தகங்களும்தான். போன்ல பாத்தா அந்த நிழலுக்குள்ள இருக்கிற நுணுக்கம் ஒண்டும் தெரியாது.

பழைய பதிப்பு விலை கூடத்தான். மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையளில கேட்டு வையுங்கோ, இல்லாட்டி வச்சிருக்கிற ஆரிட்டயாவது இரவல் வாங்கி, பகல் வெளிச்சத்தில யன்னலுக்குப் பக்கத்தில இருந்து பாருங்கோ. கறுப்பு வெள்ளை எடுத்துப் பழகிற தம்பி தங்கச்சிமார் புது லென்ஸுக்குக் காசு சேர்க்க முதல் இதைத் தேடுங்கோ.