பினாங்கில் ஐநேச்சுரலிஸ்ட் செயலி: ஒரு பயனரின் மதிப்பீடு

இயற்கை ஆர்வலர்களுக்கான செயலிகள் பல இருந்தாலும், தாம் எடுக்கும் படம் ஆய்வாளர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, உயிரினங்களைப் படம் எடுத்துப் பதிவிட உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைத்தான். 2008ஆம் ஆண்டு, பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் மூவரின் திட்டப்பணியாகத் தொடங்கிய இது, பின்னர் கலிபோர்னியா அறிவியல் கழகத்தோடும் நேஷனல் ஜியோகிராபிக் சங்கத்தோடும் இணைந்து வளர்ந்து, 2023 முதல் இலாப நோக்கற்ற தனி அமைப்பாக இயங்கி வருகிறது. பயன்படுத்தக் கட்டணம் கிடையாது.

தண்ணீர்மலை முருகன் கோவிலைத் தாண்டிச் சென்றால் வரும் தாவரவியல் பூங்கா, இச்செயலியைப் பழகிக்கொள்ள நல்ல இடம். படம் எடுத்ததும் நாளையும் நேரத்தையும் இடத்தையும் செயலியே குறித்துக்கொண்டு, உயிரினத்தின் பெயரையும் பரிந்துரைக்கிறது. அந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், உறுதியாகத் தெரியாதபோது 'சிலந்தி' என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே முறை. அறிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனத்தின் பெயரை ஒப்புக்கொண்டால்தான் பதிவுக்கு 'ஆய்வுத் தரம்' கிடைக்கும். பதிவிட்டவர் உரிமத்தைத் திறந்து வைத்திருந்தால், அது ஜிபிஐஎஃப் எனப்படும் உலகப் பல்லுயிர்த் தகவல் தளத்துக்கும் சென்று சேரும்.

அப்பூங்காவில் உள்ள நாகலிங்க மரத்தின் அடிமரத்திலேயே தொங்கும் செந்நிறப் பூக்களையும் உருண்டைக் காய்களையும் படம் எடுக்க எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கு நடப்பட்ட மரம் என்பதால், வளர்க்கப்பட்டது என்று குறிப்பிட்டாக வேண்டும். குறிப்பிட்டால் பொதுவாக ஆய்வுத் தரம் கிடைக்காது. மாணவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்தாலும், இந்தக் கண்டிப்பை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். நட்ட மரத்தையும் தானாக முளைத்த மரத்தையும் பிரிக்காவிட்டால் ஓர் இனம் எங்கெங்கே பரவியுள்ளது என்று காட்டும் வரைபடமே பொய்யாகிவிடும். அதே மரத்தின் பட்டையில் ஊரும் எறும்பையோ ஒட்டியிருக்கும் பாசியையோ தாராளமாகப் பதியலாம்.

அருகிவரும் விலங்குகளின் இருப்பிடத்தை வழக்கமாகச் செயலி துல்லியமாகக் காட்டாமல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் மறைத்துவிடுகிறது. வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டிவிடக் கூடாது என்ற இந்த அக்கறை பாராட்டத்தக்கது. வீட்டுத் தோட்டத்தில் எடுத்த படங்களுக்கு இதே வசதியை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஆயினும், செயலியை மட்டும் நம்பி, பொதுமக்களும் ஆய்வில் பங்கேற்கும் மக்கள் அறிவியல் திட்டம் ஒன்றை நடத்த முடியாது, களத்தில் இறங்கி உழைப்பவர்களும் வேண்டும் என்பதே என் கருத்து. 2017இல் பினாங்கு மலை எனப்படும் கொடிமலையில் நடந்த பல்லுயிர்க் கணக்கெடுப்பில் ஹேபிடாட் அறக்கட்டளையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் கலிபோர்னியா அறிவியல் கழகமும் கைகோத்தன.  கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும், குட்டியாக இருக்கையில் பொன்னிற உரோமமும் கொண்ட லோத்தோங் குரங்குகளுக்காகப் பொதுமக்களோடு சேர்ந்து உழைக்கும் பினாங்கு லங்கூர் திட்டத்தினர், 2019இல் தெலுக் பஹாங் சாலையின் குறுக்கே, பயன்படுத்திய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு மரத்துக்கு மரம் பாலம் அமைத்தார்கள். குரங்குகள் எங்கே சாலையைக் கடக்கின்றன என்ற கேள்வியோடு களத்தில் நின்றவர்கள் இருந்ததால்தான் அது கைகூடியது.

குறைகளும் உண்டு. போதிய படங்கள் சேராத இனங்களைச் செயலியால் பரிந்துரைக்க இயலாது. நம் வட்டாரத்துப் பூச்சிகளுக்கு இது பெரிய தடை. 13 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் அனுமதியின்றிக் கணக்குத் திறக்க முடியாது என்பதால், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, இதே அமைப்பு உருவாக்கிய, கணக்கே தேவைப்படாத சீக் செயலி பொருத்தமானது. பறவைகளை எண்ணிப் பட்டியலிடுவோருக்குப் பறவைகளுக்கென்றே உள்ள ஈபேர்ட் செயலி மேலானது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைத் தொடங்குவதாக இருந்தால், வளாகத்தில் உள்ள வண்ணத்துப்பூச்சிகள் என்பதுபோல் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு செயலியில் ஒரு திட்டப்பக்கம் திறந்து, இனங்களை அடையாளம் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட பிறகு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள்.