பழைய டொயோட்டா பிக்கப்: ஆடும் கியர் ராடுக்கு ஒரிஜினல் சீட் புஷ் போதுமா?

அமெரிக்காவில் 1995 வரை டொயோட்டா பிக்கப் என்ற பெயரிலேயே விற்ற வண்டிதான் மற்ற நாடுகளில் ஹைலக்ஸ். அதில் 22ஆர்-ஈ எஞ்சினோடு வரும் டபிள்யூ56 ஐந்து கியர் பெட்டி லேசில் சாகாது. ஆனால் வயதான வண்டிகளில் கியர் ராடு தொளதொளவென்று ஆடும். மூன்றாவதில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்று கைக்கே தெரியாது. இதைப் பார்த்ததும் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் பட்டறைகளும் உண்டு. முதலில் மாற்ற வேண்டியது ஒரு பிளாஸ்டிக் துண்டு.

ராடின் அடி நுனியில் ஒரு சின்ன உருண்டை இருக்கும். அது போய் உட்காரும் குழிக்கும் அதற்கும் நடுவில் விரல் நுனி அளவுக் கிண்ணம் ஒன்று. அதுதான் சீட் புஷ். வருடக்கணக்காகச் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து காய்ந்து நொறுங்கிவிடும். கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தொளதொளப்பு வந்தாலே போதும், ராடு நீளமாக இருப்பதால் மேலே குமிழில் அது பல மடங்காகத் தெரியும்.

டொயோட்டா ஒரிஜினலின் பார்ட் நம்பர் 33505-35020. வாங்குமுன் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சில டாலர்தான் விலை. பெயர் தெரியாத மலிவு புஷ்களில் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை. தளர்வாக இருந்தால் ஆட்டம் அப்படியே இருக்கும், இறுக்கமாக இருந்தால் ராடு நியூட்ரலுக்குத் தானாகத் திரும்பாது. பித்தளை, வெண்கலத்தில் செய்தவையும் கிடைக்கின்றன. கியர் விழுவது துல்லியமாக இருக்கும். கூடவே கியர்பாக்ஸின் அதிர்வும் இரைச்சலும் கைக்கு ஏறும். தினம் ஓட்டும் வண்டிக்கு எங்கள் ஓட்டு பிளாஸ்டிக்குக்கே.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். ராடின் அடியை மூடியிருக்கும் ரப்பர் உறைதான் பூட். மேல் உறையின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கினால் உள்ளே இன்னொரு பூட். அதை விலக்குமுன் சுற்றியுள்ள மண்ணை வேக்யூம் போட்டு எடுத்துவிடுங்கள். அவசரத்தில் பலர் விடும் வேலை இது. உள்ளே விழும் மணல் நேராக கியர் ஆயிலுக்குத்தான் போகும். ராடைச் சுற்றி ஒரு மூடி தெரியும். அடியில் ஸ்பிரிங் இருப்பதால் பலமாகக் கீழே அழுத்தி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் விடுபடும். ராடு மேலே வந்துவிடும்.

நுனியில் புஷ் முழுதாக ஒட்டிக்கொண்டு வந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் பழுப்பேறிய சில்லுகள்தான் குழிக்குள் கிடக்கும். பிளாஸ்டிக் என்பதால் காந்தம் உதவாது. நீளக் குச்சியின் முனையில் கெட்டி கிரீஸ் அப்பி ஒவ்வொன்றாக ஒட்டி எடுங்கள். எடுத்த சில்லுகளைக் காகிதத்தில் சேர்த்து வைத்து, கிண்ணம் முழு வட்டமாகிறதா என்று பாருங்கள். பெரிய துண்டு குறைந்தால் கியர் ஆயிலையும் இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது. ஆயிலை இறக்கும் துளையின் மூடியான டிரெயின் பிளக்குக்கு 24 மி.மீ. சாக்கெட். அதற்கு முன், ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆயிலை இறக்கிய பிறகு அது வராமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

புதுப் புஷ் நுனியில் ஏறாவிட்டால் சுத்தியல் வேண்டாம். வெந்நீரில் சற்று நேரம் போட்டால் இளகிவிடும். உள்ளும் புறமும் கிரீஸ் தடவி ராடில் மாட்டி, குழிக்குள் நேராக இறக்கி, மூடியை அழுத்தித் திருப்புங்கள். ரப்பர் உறைகளை மூடுவதற்கு முன்பே ஐந்து கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ராடின் நடு உருண்டையைத் தாங்கும் மேல் சீட்டும் தேய்ந்திருந்தால் பாதி ஆட்டம் மிஞ்சும். அதையும் சேர்த்தே வாங்கிவிட்டால் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டாம்.

இந்தப் புஷ் ஆட்டத்தைத்தான் நிறுத்தும். கியர் தானாக நழுவி வெளியே வந்தால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது. ரிவர்ஸ் போடும்போது கரகரத்தால் முதலில் கிளட்ச்சைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் ராடு முன்னும் பின்னும் போனால், கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் போயிருக்கும். இவை எதுவும் இல்லாமல் வெறும் தொளதொளப்பு என்றால் ராடு நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் கிட்டுக்குப் பணம் போடாதீர்கள், இந்தப் புஷ்ஷை வாங்குங்கள்.