லாஸ் வேகாஸ் லாங் வீக்கெண்ட்: தங்குவது ஸ்ட்ரிப்பிலா, ஃப்ரீமான்ட் தெருவிலா?

மெமோரியல் டே, ஜூலை நாலு, லேபர் டே என்று எந்த லாங் வீக்கெண்ட் வந்தாலும் கலிஃபோர்னியாவில் உள்ள தமிழ் வாட்ஸப் குழுக்களில் யாராவது ஒருத்தர் "வேகாஸ் போலாமா?" என்று கிளப்பிவிடுவார். அப்புறம் ஹோட்டல் லிங்க்காக வந்து கொட்டும், எல்லாமே ஸ்ட்ரிப் ஹோட்டல்கள், அதாவது பெரிய காசினோக்கள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் இருப்பவை. நடுவில் ஒருத்தர் "ஃப்ரீமான்ட் பக்கம் ரூம் மலிவு, அங்கே தங்கிக்கிட்டு ஸ்ட்ரிப்பைப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்பார். அங்கிருந்துதான் வாக்குவாதம் தொடங்கும். இரண்டு பக்கமும் தங்கிப் பார்த்த எனக்கு இதில் தெளிவான கட்சி உண்டு: வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் ஸ்ட்ரிப்பில் தங்க வேண்டும், மேஜையில் உட்கார்ந்து விளையாடப் போகிறவர்கள் ஃப்ரீமான்ட்டில் தங்க வேண்டும். மலிவுக்காக ஒன்றில் தங்கி மற்றதை அனுபவிக்க நினைப்பதில்தான் பயணமே கெடுகிறது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஃப்ரீமான்ட் தெருதான் பழைய லாஸ் வேகாஸ். 1905-இல் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டு உருவான ஊர் இது. அடுத்த ஆண்டே ஃப்ரீமான்ட் தெரு முனையில் ஹோட்டல் நெவாடா திறந்தார்கள், இன்று அதன் பெயர் கோல்டன் கேட். ஊரின் முதல் தொலைபேசி 1907-இல் அங்கேதான் வந்தது, அதன் எண் வெறும் 1. 1931-இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது, அதே ஆண்டில் ஹூவர் அணை வேலையும் தொடங்கியது. அணைத் தொழிலாளர்களுக்காக அரசாங்கம் கட்டிய போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்குத் தடை (இன்றும் தடைதான்!), அதனால் சம்பளம் வாங்கியவர்கள் காசோடு வந்து இறங்கிய இடம் ஃப்ரீமான்ட். ஸ்ட்ரிப் பிறந்தது பிறகு. 1941-இல் நகர எல்லைக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக எல் ராஞ்சோ வேகாஸ் என்ற விடுதி வந்தது, அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். அதனால்தான் உலகமே லாஸ் வேகாஸ் என்று சொல்லிப் படமெடுக்கும் ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி இன்றைக்கும் லாஸ் வேகாஸ் மாநகராட்சிக்குள் இல்லை, கிளார்க் கவுன்ட்டி நிர்வாகத்தில் பாரடைஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பெயரைப் பாருங்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். அறை வாடகை மட்டும் பார்த்தால் ஃப்ரீமான்ட் பக்கம் குறைவு, சந்தேகமில்லை. ஆனால் வேகாஸில் அறை வாடகை என்பது பாதிக் கணக்குதான். ரிசார்ட் ஃபீ என்று ஒன்று உண்டு, குளம் போன்ற வசதிகளுக்கென்று வாடகைக்கு மேல் வாங்குவது. ஸ்ட்ரிப்பில் ஓர் இரவுக்கு 40 முதல் 55 டாலர் வரை போகும், நீச்சல் குளத்தில் கால் நனைக்காவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். முன்பெல்லாம் இதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைத்திருப்பார்கள். 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதிப்படி, இதையும் சேர்த்த விலையை முதலிலேயே காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டினாலும் அறை வரி தனி, அது சுமார் 13 விழுக்காடு. ஃப்ரீமான்ட் ஹோட்டல்களும் இந்த ஃபீ விஷயத்தில் ஒன்றும் சாமியார்கள் இல்லை, பல இடங்களில் வாங்குகிறார்கள். ஆகவே லிங்க் அனுப்புகிற நண்பரிடம் "வரியோட சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள், பாதி சண்டை அங்கேயே முடியும்.

அப்புறம் பார்க்கிங். 2016-இல் எம்ஜிஎம் ஹோட்டல் குழுமம் கட்டணம் வாங்க ஆரம்பித்தது, இப்போது ஸ்ட்ரிப்பில் பெரும்பாலான பெரிய ஹோட்டல்களில் காசுதான். ட்ரெஷர் ஐலண்ட் போல ஒன்றிரண்டு இடங்களில் இலவசமாகப் பார்த்த நினைவை வைத்து இன்னும் சிலர் சண்டை போடுவார்கள், போகும் முன் அந்தந்த ஹோட்டலின் பக்கத்தில் பார்த்துவிடுவது நல்லது. செக்-இன் செய்யும்போது கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது திரும்பி வர சில நாள் ஆகும், டெபிட் கார்டை நீட்டாதீர்கள். ஸ்ட்ரிப்பில் பல அறைகளில் உள்ள மினி பாரில் சென்சார் இருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் பில்லில் ஏறிவிடும். தயிர் சாத டப்பாவை உள்ளே வைப்பதற்காகக் கோலாவை வெளியே எடுத்து அடுக்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். தனியாகக் குட்டி ஃப்ரிட்ஜ் கேட்டால் அதற்கும் வாடகை. காபி மெஷின்கூட எல்லா அறையிலும் இருக்காது. காலையில் எழுந்ததும் காபி வேண்டும் என்கிறவர்கள் ஒரு கெட்டிலை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கீழே போய் காபிக்கு நீளமான வரிசையில் நிற்க வேண்டும்.

இப்போது விளையாட்டு. இதில்தான் இரண்டுக்கும் நிஜமான வித்தியாசம், ஆனால் யாரும் பேசாத விஷயமும் இதுதான். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேஜையில் விரித்திருக்கும் துணியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். "3 டு 2" என்று இருந்தால், 10 டாலர் வைத்து பிளாக்ஜாக் அடித்தவருக்கு (முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தவருக்கு) 15 டாலர் கிடைக்கும். "6 டு 5" என்று இருந்தால் 12 டாலர்தான். பார்க்கச் சின்ன விஷயம். சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒரு முறை பிளாக்ஜாக் விழும், ஒரு மணி நேரத்தில் அறுபது ஆட்டம் போகும் என்றால் மூன்று முறை. 15 டாலர் மேஜையில் ஒவ்வொரு முறையும் நாலரை டாலர் குறைகிறது, ஆக மணிக்குப் பதின்மூன்றரை டாலர் நீங்கள் ஒரு தப்பும் செய்யாமலே போகிறது. ஸ்ட்ரிப்பில் குறைந்த பந்தய மேஜைகள் பெரும்பாலும் 6 டு 5 தான், 3 டு 2 வேண்டுமென்றால் பெரிய தொகை வைக்க வேண்டும். ஃப்ரீமான்ட் பக்கம் சின்னப் பந்தயத்துக்கே 3 டு 2 மேஜை தேடினால் கிடைக்கும். 1941-லிருந்து நடக்கும் எல் கோர்டெஸில் ஒரே சீட்டுக்கட்டில் ஆடும் 3 டு 2 பிளாக்ஜாக்குக்கென்றே ஒரு பழைய கூட்டம் வருகிறது.

எண்கள் எழுதிய ரூலெட் சக்கரத்திலும் இதே கதை. ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் நீங்கள் வைக்கும் பந்தயத்தில் காசினோவின் பங்கு 2.7 விழுக்காடு, இரண்டு பூஜ்யம் என்றால் 5.26. மூன்று பூஜ்யம் வைத்த சக்கரமும் வந்துவிட்டது, அதில் 7.69. அதை ஸ்ட்ரிப்பில் நிறையவே பார்க்கலாம். புதிதாக வருபவர் யார் அந்தப் பூஜ்யங்களை எண்ணுகிறார்! ஃப்ரீமான்ட்டுக்குப் போனால் ஜெயித்துவிடலாம் என்று சொல்லவில்லை, அங்கேயும் கடைசியில் ஜெயிப்பது காசினோதான். அதே இருநூறு டாலரில் கூடுதல் நேரம் உட்கார்ந்திருக்கலாம், டீலர் ஆற அமரப் பேசுவார், பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு விதியைச் சொல்லித் தருவார். ஆட்டம் ஆடும்போது வரும் பானம் இரண்டு பக்கமும் இலவசம், கொண்டுவருபவருக்கு ஒன்றிரண்டு டாலர் டிப்ஸ் வைப்பது மரியாதை.

ஆனால் நம்மவர்களில் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்து ஆடுகிறார்கள்? ஸ்லாட் மெஷினில் இருபது டாலர் விட்டுவிட்டு, "போதும்பா, வா நடக்கலாம்" என்று கிளம்பும் கூட்டம்தான் அதிகம். அவர்களுக்கு ஸ்ட்ரிப்தான் சரி. பெல்லாஜியோ முன்னால் உள்ள நீரூற்று 1998-லிருந்து ஆடுகிறது, காசு கிடையாது, இரவில் கால் மணிக்கு ஒரு தரம். எதிரே பாரிஸ் ஹோட்டல் பக்கத்து நடைபாதையில் நின்றால் முழு அகலமும் தெரியும். உள்ளே பருவத்துக்குப் பருவம் மாற்றியமைக்கும் மலர்க்கூடத்துக்கும் டிக்கெட் இல்லை, பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் தாராளமாக ஒதுக்கலாம். வெனீஷியனில் படகு, லக்ஸரின் பிரமிடு, 550 அடி உயர ஹை ரோலர் ராட்டினம், 2023 செப்டம்பரில் திறந்த ஸ்ஃபியர் என்ற உருண்டை அரங்கு. ஸ்ஃபியரின் உள்ளே போக டிக்கெட் விலை கடிக்கும். வெளிப்பக்கம் முழுக்க எல்இடி திரை, அதை ரோட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், குழந்தைகளுக்கு அதுவே போதும். பழைய படங்களைப் பார்த்து எரிமலையைத் தேடாதீர்கள், அது இருந்த மிராஜ் ஹோட்டல் 2024 ஜூலையில் மூடியாயிற்று. டிராபிகானா ஹோட்டல் அதே ஆண்டு அக்டோபரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது, அந்த இடத்தில் பேஸ்பால் மைதானம் வருகிறது.

ஃப்ரீமான்ட்டில் பார்க்க ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது வேறு ரகம். தெருவுக்கு மேலே 90 அடி உயரத்தில் சுமார் 1,375 அடி நீளத்துக்கு வளைந்த கூரை, அது முழுக்கத் திரை. 1995-இல் போட்டது, 2019-இல் புதுப்பித்தார்கள். இரவில் மணிக்கொரு தரம் படம் ஓடும்போது தெருவே கழுத்தை அண்ணாந்து நிற்கும். அதற்குக் கீழே தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி நெரிசல், மூன்று மேடைகளில் மூன்று வகைப் பாட்டு. தலைக்கு மேலே ஸ்லாட்ஸில்லா ஜிப்லைனில் ஆட்கள் குப்புறப் படுத்தபடி பறந்து போவார்கள். தரையில் வட்டம் வட்டமாக வரைந்திருப்பதைக் கவனியுங்கள். வேடம் போட்டவர்களும் வாத்தியம் வாசிப்பவர்களும் அந்த வட்டத்துக்குள் நின்றுதான் தொழில் பார்க்க வேண்டும் என்று நகராட்சி விதி. அவர்களோடு படம் எடுத்தால் காசு கேட்பார்கள், எடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். உடை குறைவாக உள்ளவர்களும் அந்த வட்டங்களில் உண்டு, மாமியாரோடு போகிறவர்கள் வட்டங்களைத் தள்ளி நடப்பது உத்தமம். கோல்டன் நக்கெட்டில் சுறா நீந்தும் தொட்டிக்குள் புகுந்து வரும் குழாய்ச் சறுக்கு இருக்கிறது, பிள்ளைகள் விடாது. அதே ஹோட்டலில் 1980-இல் ஆஸ்திரேலியாவில் கிடைத்த 27 கிலோ தங்கக் கட்டியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது மாப் மியூசியம். பழைய கூட்டாட்சி நீதிமன்றக் கட்டடத்தில், தாதாக்கள் இந்த ஊரைக் கட்டியாண்ட கதை. வேகாஸில் காசு கொடுத்துப் பார்த்ததில் அது ஒன்றுதான் கொடுத்த காசுக்கு மேல் தந்தது என்பேன்.

ஃப்ரீமான்ட்டில் உள்ள சிர்கா ஹோட்டலில் 21 வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி கிடையாது, குளத்துக்கு மட்டுமில்லை, வாசலுக்குள்ளேயே. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே புக் செய்துவிடாதீர்கள். நண்பர்கள் கூட்டத்துக்கு அதே காரணத்தால் அது சொர்க்கம், ராட்சசத் திரையில் மேட்ச் பார்த்தபடி தண்ணீரில் கிடக்கலாம். ஃப்ரீமான்ட்டில் எங்கே தங்கினாலும் தெருவைப் பார்த்த அறை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், நள்ளிரவுக்கு அப்புறமும் டிரம்ஸ் அறைக்குள் கேட்கும்.

இனி அந்த "அங்கே தங்கி இங்கே பார்ப்போம்" திட்டம். ஸ்ட்ரிப்பின் நடுப்பகுதிக்கும் ஃப்ரீமான்ட்டுக்கும் சுமார் ஆறு மைல். டியூஸ் என்ற மாடி பஸ் நாள் முழுக்க ஓடுகிறது, 24 மணி நேரச் சீட்டு 8 டாலர், மலிவுதான். ஆனால் லாங் வீக்கெண்ட் சனிக்கிழமை இரவில் ஸ்ட்ரிப் டிராஃபிக்கில் அது நகரும் வேகத்தைப் பார்த்தால் இறங்கி நடக்கலாம் என்று தோன்றும். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது விடுமுறையே இல்லை. ஊபர் எடுத்தால் அந்த நேரத்தில் விலை ஏறியிருக்கும், இரண்டு நாள் போக வர எடுத்தால் ரூமில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். ஸ்ட்ரிப்பிலேயே தங்கினாலும் தூரம் ஏமாற்றும். எதிரே தெரியும் ஹோட்டலுக்கு மேம்பாலம் ஏறி, ஒரு மால் வழியாகச் சுற்றி, காசினோவைக் கடந்து போக இருபது நிமிடம் ஆகும். மேம்பாலத்தில் நின்று குடும்பப் படம் எடுக்காதீர்கள், அங்கே நிற்கக் கூடாதென்று 2024-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. உள்ளூர்க்காரர்கள் போகும் புறநகர்க் காசினோக்கள், மேற்கே சம்மர்லினில் ரெட் ராக், தெற்கே சவுத் பாயிண்ட் மாதிரி. அமைதி, அகலமான அறை, பார்க்கிங் தொல்லை இல்லை. கார் இருக்கிறது, ரெட் ராக் பள்ளத்தாக்கில் காலையில் நடக்க ஆசை என்றால் சம்மர்லின் பக்கம் தங்குங்கள் (அக்டோபரிலிருந்து மே வரை அங்கே போக நேரம் முன்பதிவு செய்ய வேண்டும்). எந்த ஊருக்குப் போனாலும் கோயில் தேடுகிறவர்களுக்கு அந்தப் பக்கத்திலேயே இந்து ஜெயின் கோயிலும் இருக்கிறது.

நான் சொல்வது: பெற்றோர், குழந்தைகள் என்றால் ஸ்ட்ரிப்பின் நடுப்பகுதி, பெல்லாஜியோ, சீசர்ஸ், லிங்க் (LINQ) ஹோட்டல்கள் உள்ள வட்டாரம். ஓரத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள், நடந்தே கால் போய்விடும். ஃப்ரீமான்ட்டுக்கு ஒரு மாலை மட்டும் காரில் போய், மாப் மியூசியம் முடித்து, இருட்டியதும் கூரையில் ஒரு படம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நண்பர்கள் நாலு பேர், சீட்டு விளையாட்டில் ஆர்வம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரீமான்ட், ஸ்ட்ரிப்புக்கு ஒரு ராத்திரி.

தேதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண வாரத்தில் ஞாயிறு இரவு வாடகை இறங்கும், திங்கள் விடுமுறை என்றால் ஞாயிறும் சனிக்கிழமை விலைக்கே போகும். ஒன்றிரண்டு நாள் லீவு சேர்த்துப் போட்டு ஞாயிறு போய் செவ்வாய் அல்லது புதன் திரும்பினால் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். ஜூலை வேண்டாம். 2024 ஜூலை 7 அன்று 120 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவான ஊர் அது, சாதாரண நாளிலேயே 105-ஐத் தொடும். நவம்பரில் ஃபார்முலா ஒன் நடக்கும் வாரமும் வேண்டாம், ஸ்ட்ரிப்பையே ரேஸ் டிராக் ஆக்கிவிடுகிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் வருகிறவர்களுக்குப் போகும்போது நாலு மணி நேரம், விடுமுறை முடிந்து திரும்பும்போது அது எட்டுகூட ஆகலாம். மாநில எல்லையில் உள்ள பிரிம் தாண்டியதும் ஐ-15 நெடுஞ்சாலை அப்படியே உறைந்து நிற்கும். திங்கட்கிழமை திரும்பியே ஆக வேண்டுமென்றால் செக்-அவுட் நேரம் வரை படுத்திருக்காமல் விடியும்போதே வண்டியை எடுங்கள். எலக்ட்ரிக் கார் என்றால் முந்தின இரவே முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள், வழியில் பேக்கர் என்ற ஊரில் உள்ள சார்ஜருக்கு அன்றைக்கு ஊரே வரிசையில் நிற்கும்.