கேசட்டா, எமுலேட்டரா? வாத்து சுடும் துப்பாக்கியிலிருந்து பார்ப்போம்

பழைய நின்டெண்டோ கேம்களை இன்றைக்கு விளையாட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 80களில் வந்த அதே பெட்டி, அதே கேசட், ஒரு பிக்சர் ட்யூப் டிவி. இன்னொன்று, கம்ப்யூட்டரிலோ போனிலோ அந்தப் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருள், அதோடு கேசட்டில் இருப்பதை அப்படியே பிரதி எடுத்த ஒரு ரோம் ஃபைல். நான் கேசட் கட்சி. ஆனால் ஒரிஜினல்தான் எல்லாவற்றிலும் உசத்தி என்று அடித்துப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சில இடங்களில் எமுலேட்டர் சுலபமாக ஜெயித்துவிடுகிறது.

கேசட் பக்கம் நான் நிற்பதற்கு முதல் காரணம் டக் ஹன்ட், திரையில் பறக்கும் வாத்துகளைப் பொம்மைத் துப்பாக்கியால் சுடும் கேம். அதன் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கும் ஒரு சென்சார். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகிவிடும். உடனே வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். முதலில் இருட்டு, அப்புறம் வெளிச்சம் என்று சென்சாருக்குத் தெரிந்தால் வாத்து காலி. ட்யூப்லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாததற்குக் காரணம் அந்தக் கறுப்புத் திரைதான். இரண்டு வாத்து பறந்தால் வெள்ளைக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் தெரிந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று கண்டுபிடிக்கும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடக்கும்.

இது ட்யூப் டிவியை நம்பிச் செய்த ஏற்பாடு. எல்சிடி திரை படத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டும், அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும். போதாததற்கு, ட்யூப் டிவி கோடு கோடாக வரையும் வேகத்துக்கு ஏற்றபடிதான் துப்பாக்கியின் சர்க்யூட்டே இருக்கிறது. எமுலேட்டரில் என்ன செய்வோம்? மவுஸை வாத்து மேல் வைத்து கிளிக். கேம் ஓடும், ஸ்கோரும் ஏறும். டிவி கண்ணாடியில் துப்பாக்கி முட்டும் அளவுக்கு நெருங்கிப் போய்ச் சுட்டுவிட்டு, நான் அசையவே இல்லை என்று சாதிக்கும் சுகம் மட்டும் இருக்காது.

பெட்டிக்குள் இருந்த காகிதமும் கேமின் பாகம்தான். 1990இல் வந்த ஸ்டார்டிராபிக்ஸ் கேமோடு ஒரு கடிதம் தந்தார்கள். நடுவில் ஓரிடத்தில், அந்தக் கடிதத்தைத் தண்ணீரில் நனை என்று குறிப்பு வரும். நிஜமாகவே நனைத்தால் 747 என்ற எண் தெரியும், அதைப் போட்டால்தான் மேலே போக முடியும். வெறும் ரோம் ஃபைலோடு வருபவர் அங்கே முழிக்க வேண்டியதுதான். பழைய கேசட் வாங்குகிறவர்களில் பலருக்கும் இதே கதிதான், ஏனென்றால் முதல் சொந்தக்காரர் அந்தக் காகிதத்தை என்றைக்கோ தூக்கிப் போட்டிருப்பார்.

சரி, எமுலேட்டர் எங்கே ஜெயிக்கிறது? சேவ் செய்வதில். லெஜண்ட் ஆஃப் செல்டா மாதிரி கேசட்டுகளுக்குள் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோதும் நாம் சேவ் செய்ததை உயிரோடு வைத்திருப்பது அதுதான். பேட்டரி செத்தால் சேவும் போச்சு, சொல்லாமல் கொள்ளாமல். எமுலேட்டரில் எந்த நொடியிலும் நிறுத்தலாம், எந்த நொடியிலிருந்தும் தொடரலாம். வேலை, வீடு என்று இருக்கிறவர் நீளமான கேம் ஒன்றை முடிக்க வேண்டுமானால் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

பட்டன் அழுத்தினால் எமுலேட்டரில் தாமதமாகத்தான் வேலை செய்யும் என்று ஒரு குறை சொல்வார்கள். அது பாதி பழைய கதை. தாமதத்தில் பெரும்பங்கு டிவியால் வருவது. ஒரிஜினல் பெட்டியையே புது டிவியில் மாட்டினாலும் அதே தொல்லைதான். எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் ரன்-அஹெட் என்று ஒரு வசதி உண்டு. கேம் தனக்குள் எடுத்துக்கொள்ளும் தாமதத்தைக்கூட அது குறைத்துவிடுகிறது.

எமுலேட்டரின் பெரிய பலம் வேறு. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கும்படி இல்லை. மிச்சம் இருப்பது பழைய கேசட்டும் ரோமும்தான். கேசட் எண்ணிக்கை இனி கூடப்போவதில்லை. ரோம் பிரதி எடுப்பதில் சட்டச் சிக்கல் இருப்பது வேறு விஷயம்.

இனி நம்மூர் விஷயம். நம்மில் பலர் ஒரிஜினல் என்று ஏங்குவதே டூப்ளிகேட்டுக்குத்தான். இங்கே தெருவுக்குத் தெரு ஓடியவை பெரும்பாலும் தைவான், சீனாவில் செய்த நகல் பெட்டிகள். ஒரே கேசட்டில் லட்சக்கணக்கில் கேம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ளே விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் நொடிக்கு 60 படம் காட்டின. நம்மூரில் இருந்த பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிக்காகச் செய்த நகல்களில் பல 50தான் காட்டின. மேரியோ கொஞ்சம் மெதுவாக ஓடுவார், பாட்டும் இழுத்துக்கொண்டு போகும். சில நகல்களில் ஒலி சிப்பே தப்பாக வடிவமைக்கப்பட்டு, சத்தம் வேறு மாதிரி இருக்கும். இப்போது ஒரிஜினல் அமெரிக்கப் பெட்டியை வாங்கிப் போட்டால், அப்படிப்பட்ட நகலில் விளையாடி வளர்ந்தவருக்கு வேகம் இடிக்கும். ஆனால் மெசென் எமுலேட்டரில் டெண்டி என்று ஒரு தேர்வு இருக்கிறது. ரஷ்யாவில் புகழ்பெற்ற அந்த நகல் பெட்டியின் 50 பட வேகத்தை அப்படியே பின்பற்றும். சின்ன வயசு மேரியோதான் வேண்டும் என்றால், ஒரிஜினலைவிட இந்த எமுலேட்டர் அதிகம் ஒத்துப்போகும். கேசட் கட்சிக்காரன் நானே இதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியும் கேசட்தான் என்று முடிவெடுத்தால், வாங்கியதும் கேசட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் கேசட்டின் உலோக முனைகள் அரிக்கும் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும். சேவ் பேட்டரி உள்ள கேசட் என்றால், பேட்டரியை மாற்றக் கழற்றுவதற்கு முன் கேசட் ரீடர் வைத்து உள்ளே சேவ் ஆகியிருப்பதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஆடிய ஆட்டம் அதில் இன்னும் இருக்கலாம்.