மோதிர அளவுக்கு நூலா, பெல்ட்டா, வளையக் கொத்தா? வீட்டில் அளவெடுக்கும் கருவிகள் பற்றி ஓர் அலசல்

வீட்டிலிருந்தபடியே மோதிரம் வாங்குபவர்களுக்கு அளவெடுக்க ஐந்தாறு வழிகள் உண்டு: நூல், காகிதப் பட்டை, அச்சிட்டுப் பார்க்கும் அட்டவணை, மொபைல் ஆப், பிளாஸ்டிக் பெல்ட் சைஸர், ஒவ்வோர் அளவுக்கும் ஒன்றாக எண் போட்ட எஃகு வளையக் கொத்து. எல்லாமே சரியாக இருக்கும் என்றுதான் சொல்வார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வளையக் கொத்துக்கு முதலிடம், பெல்ட் சைஸருக்கு இரண்டாமிடம். காகிதப் பட்டை அவசரத்துக்கு ஆகும். நூலைத் தொடவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், மோதிர அளவில் நாம் பேசுவது முடியளவு வித்தியாசங்களை. அமெரிக்க எண் வரிசையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்விட்டத்தில் 0.81 மி.மீ.தான் வேறுபாடு. சுற்றளவில் அது சுமார் 2.55 மி.மீ. பிரிட்டனின் எழுத்து வரிசையில் ஓர் எழுத்துக்குச் சுற்றளவில் 1.25 மி.மீ. மட்டுமே. அதனால் விட்டத்தை அளக்கும்போது 1 மி.மீ. பிசகினால் அமெரிக்கக் கணக்கில் ஒரு முழு அளவுக்கு மேலேயே தவறிவிடும். சுற்றளவில் அதே 1 மி.மீ. பிசகினால் அரை அளவுக்கும் குறைவாகத்தான் தவறும். கையில் ஸ்கேல் மட்டும் இருந்தால் சுற்றளவை அளப்பதே மேல் என்பதற்கு இதுதான் காரணம். மோதிர அளவுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 8653ம் அளவை அப்படியே உள்சுற்றளவாக, மில்லிமீட்டரில் சொல்கிறது. 54 என்றால் 54 மி.மீ., வேறு அர்த்தம் கிடையாது.

இனி நூல். எல்லாரும் முதலில் எடுப்பது அதைத்தான், ஏமாற்றுவதிலும் அதுதான் முதல். 1 மி.மீ. தடிமனுள்ள நூலை விரலில் சுற்றிப் பிரித்து அளந்தால் கிடைப்பது விரலின் சுற்றளவு அல்ல. நூலின் நடுக்கோடு விரலிலிருந்து அரை மி.மீ. தள்ளி ஓடுகிறது. அந்தக் கோட்டின் நீளம் விரலின் சுற்றளவைவிட 3.14 மி.மீ. கூடுதல், அதாவது ஒரு முழு அளவைத் தாண்டிவிட்டது. சரி, மெல்லிய தையல் நூல் எடுத்தால்? அது சதையில் பதிந்து, இழுக்க இழுக்க நீண்டு, பிரித்ததும் சுருங்கி, இந்தப் பக்கம் குறைத்துக் காட்டும். போதாததற்கு விரலில் சாய்வாக ஏறினாலும் தெரியாது. கூட்டும் தவறும் குறைக்கும் தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான அளவு வந்தால் அது அதிர்ஷ்டம். தையல்காரரின் அளவு நாடாவுக்கும் இதே கதிதான். அரை மி.மீ. தடிமனிருந்தால் 1.5 மி.மீ. கூட்டியே காட்டும்.

காகிதப் பட்டையில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்தான். அதனால் கூடுவது 0.3 மி.மீ. அளவில் நின்றுவிடும். தாளிலிருந்து 5 மி.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். கத்தரிக்கோல் கோணலாகப் போகும், ஸ்கேலும் பிளேடும் நல்லது. விரலின் அடியில், மோதிரம் உட்காரும் இடத்தில், பட்டையின் ஓரம் ஓரத்தோடு சரியாகப் படும்படி சுற்றுங்கள். ஓரம் பொருந்தவில்லை என்றால் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், நூலில் இல்லாத வசதி இது. இரண்டு அடுக்கின் மேலும் ஒரே கோடாக விழும்படி கூர்மையான பென்சிலால் குறுக்கே கோடு போடுங்கள். பிரித்து எஃகு ஸ்கேலில் வைக்கும்போது பூஜ்ஜியத்திலிருந்து தொடங்காதீர்கள். பல ஸ்கேல்களில் முனைக்கும் பூஜ்ஜியக் கோட்டுக்கும் இடைவெளி உண்டு, சிலவற்றில் முனை தேய்ந்திருக்கும். 1 செ.மீ. கோட்டில் தொடங்கி, கடைசியில் 1 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை எடுத்து, மூன்றும் 1 மி.மீ.க்குள் நின்றால் நம்பலாம். அமெரிக்க வரிசையில் 51.9 மி.மீ. 6ஆம் எண், 54.4 மி.மீ. 7, 57 மி.மீ. 8.

பட்டையில் ஒரு குறை: அது மூட்டைத் தாண்டுமா என்று சொல்லாது. அதே கோட்டில் டேப் ஒட்டி வளையமாக்கி, விரலிலிருந்து கழற்றிப் பாருங்கள். கிழிந்தாலோ மூட்டில் நின்றாலோ மூட்டின் சுற்றளவையும் தனியாக எடுக்க வேண்டும்.

அச்சிட்டு எடுக்கும் அட்டவணைகள் தாளில் கச்சிதமாகத் தெரியும், ஆனால் பிரிண்டர் பெரும்பாலும் பக்கத்துக்குள் அடங்கும்படி படத்தைச் சற்றுச் சுருக்கிவிடும். 97 சதவீதத்துக்குச் சுருங்கினால், 54 மி.மீ. விரல் அந்தத் தாளில் ஏறக்குறைய 55.7 என்று படிக்கும். மோதிரம் தொளதொளவென்று வரும். அச்சிடும்போது உண்மை அளவு, அதாவது 100 சதவீதம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, வங்கி அட்டையை வைத்துச் சோதியுங்கள். உலகெங்கும் அதன் நீளம் 85.6 மி.மீ., அகலம் 53.98 மி.மீ. தாளில் உள்ள சோதனைக் கோடு அதோடு ஒத்துப்போகாவிட்டால் தாளைக் கசக்கிப் போடுங்கள், திருத்திக் கணக்குப் போடும் வேலை வேண்டாம். சோதனைக் கோடே இல்லாத அட்டவணையும் இருக்கிறது. அதை அச்சிடுவதே வீண்.

மொபைல் ஆப்களும் இதே அட்டையை வைத்துத்தான் திரையைச் சரிபார்க்கச் சொல்கின்றன. அந்தப் படியைத் தாண்டிப்போகச் சொல்லும் ஆப் எதையும் நம்ப வேண்டியதில்லை. இவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் மோதிரத்தைத் திரையில் வைத்து, வட்டத்தோடு பொருத்துபவை. வட்டம் பொருந்த வேண்டியது மோதிரத்தின் உள்விளிம்போடு. பலரும் வெளிவிளிம்பைப் பார்த்து ஓரிரு அளவு கூட்டிவிடுகிறார்கள். கண் நேர் மேலே இருக்கட்டும். கண்ணாடிக்கும் அடியில் தெரியும் வட்டத்துக்கும் சிறு இடைவெளி இருப்பதால், சாய்த்துப் பார்த்தால் கோடு நகரும். உட்புறம் குவிந்த மோதிரமாக இருந்தால், நடுவில் உள்ள மிகக் குறுகலான இடம்தான் கணக்கு. அது திரையைத் தொடாமல் உயரே நிற்பதால் இன்னும் குழப்பம். ஒரு மேலோட்ட யூகத்துக்கு ஆகும், வைர மோதிரத்துக்கு ஆகாது.

பிளாஸ்டிக் பெல்ட் சைஸர் நல்ல கருவி, பயன்படுத்தும் விதத்தில்தான் கெடுகிறது. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் எண் போட்ட வால். கொக்கியின் ஓரமோ அம்புக்குறியோ தொடும் எண்தான் அளவு. எல்லாரும் செய்வது விரலில் மாட்டிவிட்டு வாலை இழுத்து இறுக்குவது. அப்படிச் செய்தால் சதை அமுங்கும்வரை இழுபடும், அரை அளவாவது சிறிதாகக் காட்டும். சரியான முறை நேர்மாறானது. முதலில் யூகத்தில் ஓர் எண்ணில் நிறுத்தி, மூடிய வளையமாகவே மூட்டு வழியாக நுழையுங்கள். பிறகு அதே நிலையில் கழற்றுங்கள். சிக்கினால் ஒரு குறி தளர்த்துங்கள், வழுக்கிக்கொண்டு விழுந்தால் ஒரு குறி இறுக்குங்கள். வால் தானாக வழுக்குகிறதா என்று கையில் பத்து நிமிடம் போட்டுவைத்துப் பாருங்கள். பெல்ட்டின் தடிமனைக் கணக்கில் எடுத்தே எண்களை அச்சிடுவார்கள். ஆகவே பெல்ட்டைப் பிரித்து ஸ்கேலில் அளந்து சுற்றளவு கண்டுபிடிக்க முயலாதீர்கள், நூல் கணக்கேதான் வரும்.

எஃகு வளையக் கொத்துதான் நகைக்கடையில் விரலில் மாட்டிப் பார்ப்பது. நீளாது, இறுகாது, மூட்டைத் தாண்டுகிறதா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும். அரை அளவுகள் உள்ள கொத்தாக வாங்குங்கள். கைக்கு வந்ததும் முதல் வேலையாக 7ஆம் வளையத்தின் உள்விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள்: 17.3 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால் எண் வரிசை வேறாக இருக்கலாம், அல்லது கொத்தே சரியில்லை.

போட்டுப் பார்க்கும்போது நுழையும் வேகத்தைவிடக் கழலும்போது மூட்டில் தெரியும் தடைதான் முக்கியம். எளிதாக உள்ளே போய், கழற்றும்போது லேசாகத் திருகி இழுக்க வேண்டியிருந்தால் அதுதான் அளவு. கையைக் கீழே தொங்கவிட்டு உதறுங்கள். விரல்களை மடக்குங்கள், பக்கத்துச் சதை பிதுங்கக் கூடாது. மூட்டு பெரிதாகவும் விரலின் அடி மெலிந்தும் இருப்பவர்களுக்கு ஒரே எண்ணில் நல்ல பொருத்தம் கிடைக்காது. மூட்டுக்குச் சரியான அளவை எடுத்துக்கொண்டு, மோதிரத்தின் உட்புறம் பிடிமானத்துக்கு இரண்டு சிறு உலோக மணி வைத்துத் தரும்படி கேட்பதே வழி. இல்லாவிட்டால் மேலே கனமான கல் உள்ள மோதிரம் சுழன்று உள்ளங்கைப் பக்கம் போய்விடும்.

கொத்திலும் ஒரு கண்ணி உண்டு: வளையத்தின் அகலம். 3 மி.மீ. அகல வளையத்தில் பார்த்துவிட்டு 7, 8 மி.மீ. அகலப் பட்டை மோதிரம் வாங்கினால் இறுக்கும். அகலம் கூடக் கூட அதன் கீழே அமுங்கும் சதையும் கூடுகிறது. 6 மி.மீ.க்கு மேல் போனால் அரை அளவு கூட்டுவதே பழக்கம். உட்புறம் குவித்துச் செய்த மோதிரம் எளிதாக வழுக்கும், அதற்கு அந்த அரையைக் கூட்ட வேண்டாம். அளவில் தவறினால் திரும்பச் சரிசெய்யலாம் என்ற தைரியமும் எல்லாவற்றுக்கும் செல்லாது. சுற்றிலும் கல் பதித்தவை, டங்ஸ்டன், செராமிக் போன்றவை விஷயத்தில் வெட்டிச் சேர்க்கும் வேலை நடக்காது.

நேரம்: அறை வெப்பத்தில், மாலையில் எடுங்கள். குளிரில் விரல் சுருங்கும். வெயிலில் வந்த கையோடும், ஓட்டம், உடற்பயிற்சி, வெந்நீர்க் குளியல் முடிந்த கையோடும் எடுத்தால் வீங்கியே இருக்கும். எந்தக் கையில் போடுவதோ அந்தக் கையில்தான் எடுக்க வேண்டும், பழகிய கை விரல்கள் பெரும்பாலும் சற்றுப் பெரிது.

வளையலுக்குக் கருவியே வேண்டாம், காகிதப் பட்டை போதும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைக் குவித்து, மூட்டுகளின் மேல் மிக அகலமான இடத்தைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்தால் உள்விட்டம். 18.5 செ.மீ. வந்தால் 58.9 மி.மீ. வளையல் அளவாகச் சொல்லும் 2.4, 2.6 என்பவை தசம எண்கள் அல்ல. 2.4 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பங்கும், அதாவது 57.2 மி.மீ. 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5, 2.10 என்றால் 66.7 மி.மீ. 2.10ஐ 2.1 என்று படித்துச் சிறிய வளையல் என்று ஆர்டர் போடுவது நடக்கிறது. 58.9க்கு 2.6தான் பாதுகாப்பு. கை மிருதுவாக இருந்து, உலோக வளையல் என்றால் 2.4 ஏறலாம். கண்ணாடி என்றால் அந்த விளையாட்டு வேண்டாம். திருகாணி வைத்துத் திறக்கும் வளையலுக்கு மூட்டு அளவு தேவையில்லை, மணிக்கட்டு அளவே போதும். பழைய வளையலின் உள்விட்டத்தை அளப்பதானால் குறுக்கும் நெடுக்குமாக இரு திசையில் எடுத்துச் சராசரி பாருங்கள். உலோக வளையல் பல வட்டமாக இருப்பதில்லை.

மணி கோத்த பிரேஸ்லெட்டில் நூல் கணக்கு மறுபடி வந்து நிற்கும். 10 மி.மீ. மணி என்றால் கோத்த நீளத்தில் 31 மி.மீ. மணிகளின் தடிமனுக்கே போய்விடும். 16 செ.மீ. மணிக்கட்டுக்கு 17 செ.மீ. போதும் என்று வாங்கினால் கையில் ஏறாது, ஏறக்குறைய 19.5 செ.மீ. தேவை. 4 மி.மீ. மணிக்குத் தடிமன் வகையில் 12.6 மி.மீ.யும் கொஞ்சம் தளர்வும் சேர்த்தால் போதும். மெல்லிய செயினுக்கு மணிக்கட்டு அளவோடு 1 முதல் 2 செ.மீ.

கழுத்துச் சங்கிலிக்கு நூல் சரியான கருவி, இங்கே மட்டும்தான். 45, 50, 55 செ.மீ. நீளத்துக்கு நூல் வெட்டி, நுனியில் ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் டாலர் எங்கே விழும் என்று தெரியும். கழுத்துச் சுற்றளவைவிட 5 செ.மீ.யாவது கூடுதல் இல்லாத சங்கிலி ஒட்டிக்கொள்ளும். கொலுசுக்கு நின்றுகொண்டு, கணுக்காலில் கொலுசு விழும் இடத்தில் அளந்து 1 முதல் 1.5 செ.மீ. சேருங்கள். உட்கார்ந்து எடுத்த அளவு நடக்கும்போது இறுக்கும்.

ஆர்டர் எழுதும்போது வெறும் எண்ணைக் குறிப்பிடாதீர்கள். ‘உள்சுற்றளவு 54 மி.மீ., பட்டை அகலம் 4 மி.மீ., வளையக் கொத்தில் பார்த்த அளவு’ என்று மூன்றையும் எழுதுங்கள். விற்பவரின் எண் வரிசை எதுவானாலும் சரியான மோதிரத்தை எடுக்க இது போதும்.